தூண்டில் உட்பட

பொங்கல் விடுமுறைக்கு வந்த பேரன் துணிமணிப் பையோடு ஒரு நீளமான குழாய்ப் பையும் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே இரண்டாகக் கழற்றி மாட்டும் ஏழடித் தூண்டில் கம்பு, கைப்பிடியில் பொருத்தும் சுருள், ஒரு டப்பா நிறைய ரப்பர்த் தவளைகள். பச்சையில் ஒன்று, கறுப்பில் ஒன்று, வயிறு மட்டும் வெள்ளையாக ஒன்று. கையில் எடுத்து அமுக்கினால் பொம்மை போல் அமுங்குகிறது. அமுங்கும்போதுதான் முதுகில் ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முட்கள் வெளியே தெரிகின்றன.

"இது அமெரிக்காவில பாஸ் மீனுக்குன்னு செய்யறது தாத்தா. நம்ம ஊர் விராலுக்கு அப்படியே பொருந்துது. திருச்சுழிப் பக்கம் எந்தக் கண்மாயில தண்ணி கிடக்கு?" என்றான்.

எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது என்று கேட்டதும் பழைய உத்தியோகப் புத்தி விழித்துக்கொண்டது. சொல்லிவிட்டேன். அதோடு அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு தூண்டிலும், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காகிதமும் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்யத் தொடங்கின. அவற்றை எழுதி இறக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊடே தூண்டில், படகு பற்றி எனக்குத் தெரிந்த நாலு உபயோகமான விஷயங்களையும் சொல்கிறேன்.

என் கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அப்பா காரைக்கால்காரர். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. கொடி இறங்கினாலும் எங்கள் படிப்பு மட்டும் பிரெஞ்சிலேயே தொடர்ந்தது. அம்மாவுக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டால் அம்மாச்சி வீடுதான். கடலும் வாய்க்காலுமாகப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்தக் கரிசல் காடு முதலில் வறண்டு கிடந்ததாகத்தான் தோன்றியது. குண்டாறு என்று பெயர் பெரிதாக இருக்கும். பாலத்தில் நின்று பார்த்தால் மணல்தான் தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விழுந்த வருஷம் மார்கழியில் போனால், ஊருக்கு ஊர் கண்மாய் ததும்பி நிற்கும். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். தண்ணீரோடு மீனும் போகும். சில மீன் எதிர்த்து ஏறியும் வரும். அதை ஏத்துமீன் என்பார்கள். யாரும் குஞ்சு வாங்கி விடாமல், யாரும் விலை கொடுக்காமல், மழையோடு வந்த மீன். கெண்டை, கெளுத்தி, குறவை, அயிரை, விரால்.

அந்த ஊரில் தூண்டில் தாத்தா என்று ஒருவர் இருந்தார். எங்களுக்கு உறவு இல்லை. ஆனாலும் என்னைப் பேராண்டி என்றுதான் கூப்பிடுவார். நிலம் கிடையாது. வெள்ளாமைக் காலத்தில் கூலி வேலை. கண்மாயில் தண்ணீர் கிடக்கும் நாலைந்து மாதம் தூண்டில்தான் சீவனம். விரால் கிடைத்தால் விற்பார். கெண்டை கிடைத்தால் வீட்டுக்கு. அவரிடம் நான் தொழில் கற்றேன் என்று சொன்னால் அது அவரை அவமதிப்பது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

அவர் கம்பு கல்மூங்கில். கரிசல் காட்டில் மூங்கில் ஏது? அருப்புக்கோட்டைச் சந்தையில் வாங்கி வருவார். பன்னிரண்டு அடியில் ஒன்று, எட்டடியில் ஒன்று. பச்சையாக வாங்கி, நுனியில் கல்லைக் கட்டி நிழலில் தொங்கவிட்டு நிமிர்த்துவார். வளைந்த கணுவை அனலில் வாட்டி முழங்காலில் கொடுத்து நேராக்குவார். விளக்கெண்ணெய் தடவித் துடைப்பார். நீளக் கம்பு கெண்டைக்கு. குட்டைக் கம்பு விராலுக்கு. காரணம் கேட்டேன். "கெண்டை தூரத்துல மேயும். விரால் உன் காலடியில கெடக்கும். அதைக் கெஞ்சிக்கிட்டு நிக்க முடியாது, தூக்கிக் கரையில எறியணும்" என்றார்.

நூல்? அருப்புக்கோட்டை தறி ஓடும் ஊர். நெசவாளர் வீட்டில் கேட்டு வாங்கிய பருத்தி நூலை நாலு இழை, ஆறு இழை சேர்த்துத் தொடையில் வைத்து முறுக்கித் தேன்மெழுகு ஏற்றுவார். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலானை உலகுக்கு அறிவித்தது 1938-ல். எங்கள் கண்மாய்க்கு அது நரம்பு என்ற பெயரில் வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவர் கடைசிவரை நரம்பை முழுசாக நம்பவில்லை. முடிச்சு நழுவுகிறதாம். உண்மைதான், நரம்பில் முடிச்சுப் போடும்போது எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்ந்து சூடாகி அந்த இடத்தில் வலு குறைந்துவிடும். பேரனும் அப்படித்தான் செய்கிறான்.

தக்கைக்கு உரித்த சோளத்தட்டை. நல்ல தக்கை வேண்டுமானால் காட்டில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் காம்பு. அது நிமிர்ந்து நிற்கும். கெண்டை முகர்ந்தாலே ஆடிக் காட்டும். விராலுக்குத் தக்கையும் கிடையாது, ஈயமும் கிடையாது. முள் மட்டும் நான் கொடுத்தது. காரைக்கால் கடைத்தெருவில் நார்வே நாட்டு மஸ்டாட் முள் கிடைக்கும். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பொட்டலம் வாங்கிப் போவேன். அதை அவர் மடியில் முடிந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் தங்கம் கொடுத்தது போல இருக்கும்.

விரால் பிடிப்பது கெண்டை பிடிப்பது போல அல்ல. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றையும் மூச்சாக இழுத்தாக வேண்டும். தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போகும். கண்மாய் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கி ஈரத்தோடு கிடப்பதும் இந்தச் சக்தியால்தான். தாத்தா விடியுமுன் கரையில் குந்தி, எங்கே 'பொளக்' என்று சத்தம் வருகிறது என்று பார்ப்பார். அல்லி இலைக்கும் கோரைக்கும் இடையிலோ, மூழ்கிய கருவேல மரத்தின் தூரிலோ அது வரும். அந்த இடத்துக்கு ஓரடி தள்ளி, முள்ளில் கோத்த சிறு தவளையைத் தண்ணீர் மேல் தத்தித் தத்தி இழுப்பார். திடீரென்று தண்ணீர் பிளக்கும். புதியவன் அந்த நொடியே இழுத்துவிடுவான். வெறும் முள் வரும். "வாயில வாங்கி மெல்லட்டும். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற நேரம் விடு, அப்புறம் வெட்டு" என்பார்.

பேரன் சொன்ன பாடமும் அதேதான். ரப்பர்த் தவளையில் அடி விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் கம்பை வெட்டி இழுக்க வேண்டுமாம். கம்பு விறைப்பாக இருக்க வேண்டும். பின்னல் நூல் முப்பது, நாற்பது பவுண்டு தாங்க வேண்டும். இல்லையென்றால் பாசிக்குள் புகுந்த மீனைத் திருப்ப முடியாது. முள் மேல்நோக்கி முதுகோடு படுத்திருப்பதால் இலையில் மாட்டாது. உயிர்த் தவளையைப் பிடித்து முள்ளில் கோக்கச் சொல்லி இன்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்த வகையில் ரப்பர்த் தவளை ஒரு புண்ணியம்.

இந்த இரண்டு மீன்களுக்கும் சொந்தபந்தம் கிடையாது. குணத்தில் மட்டும் அண்ணன் தம்பி: இரண்டும் ஒளிந்திருந்து பாயும், இரண்டும் குஞ்சைக் காவல் காக்கும், இரண்டுக்கும் வாய் பெரிது. ஆனால் இரண்டுக்கும் புத்தகத்தில் பேர் வைத்தவர்களைத் தேடிப் போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பெர்லின் நகர வைத்தியர் மார்க்கஸ் எலீசர் ப்ளாக் என்பவர் மீன் ஆராய்ச்சியில் மூழ்கியவர். அவருக்குத் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் மீன் மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். நம் விராலை ப்ளாக் 1793-ல் பாம்புத் தலையன் என்ற பொருளில் பெயரிட்டுப் புத்தகத்தில் ஏற்றினார். அதே தரங்கம்பாடியில்தான் 1791-ல் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், ஒரு பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே ஏறிக்கொண்டிருந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் லண்டனில் அது அச்சானபோது படித்த வெள்ளைக்காரர்கள் நம்பவில்லை. நம் ஆட்கள் அதற்கு எப்போதோ பனையேறிக் கெண்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். தரங்கம்பாடி எங்கள் காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரம். சிறுவனாக நான் எத்தனையோ முறை போன ஊர்.

அமெரிக்க பாஸுக்குப் பேர் வைத்தவரோ பிரெஞ்சுக்காரர், லாசெபேத். 1802-ல் அவர் கைக்கு வந்த மாதிரியில் முதுகுத் துடுப்பின் கடைசிப் பகுதி பிய்ந்து தனியே ஒரு துண்டாக நின்றது. அதை அந்த மீனின் இயல்பான சின்னத் துடுப்பு என்று நினைத்து 'சிறு துடுப்பன்' என்று பெயர் வைத்துவிட்டார். காயத்தைப் பார்த்து வைத்த பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஒரு முறை காகிதத்தில் ஏறிவிட்டால் அப்படித்தான். இது குமாஸ்தாக்களுக்கு நன்றாகத் தெரியும்.

கருவியிலும் பல தேசத்து மூளை கலந்திருக்கிறது. பேரனின் கம்பில் இருக்கும் சுருளின் மூதாதையரைச் செய்தவர்கள் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கி மாநிலத்தில் இருந்த கடிகாரத் தொழிலாளர்கள். கடிகாரப் பல்சக்கரத்தைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் விரும்பி வாங்கிய மிட்செல் சுருள் பிரான்ஸில் செய்தது. நம் மாகாணத்திலும் இதில் பித்துப் பிடித்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ். 'தி ராட் இன் இந்தியா' என்று 1873-ல் ஒரு புத்தகம். அதோடு விடவில்லை, ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா' என்று இன்னொன்று. ரெவின்யூ அதிகாரி ஒருவர் குளத்து மீனுக்காக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது, அதே இலாகாக் காற்றைச் சுவாசித்தவன் என்ற முறையில் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தண்ணீரில் வெடி போட்டும் நஞ்சு கலக்கியும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது. கள்ளிப்பாலைக் கரைத்துவிட்டு மீன் பிடிப்பவர்கள் இன்றும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்.

சட்டத்துக்கு முன்பே கண்மாய்க்கு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. தண்ணீர் பாசனத்துக்குப் போய், பங்குனி, சித்திரையில் முழங்கால் அளவுக்கு வற்றும்வரை வலை இறங்காது. பிறகு ஒருநாள் குறித்துத் தண்டோரா போடுவார்கள். விடியற்காலையில் சுற்றுவட்டாரமே கரையில் கூடும். சாமி கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரம் கால் தண்ணீரில் இறங்கும். ஊத்தா வைத்திருப்பவன், கச்சா வைத்திருப்பவன், பறி, வீச்சுவலை, ஒன்றும் இல்லாதவனுக்குப் பழைய சேலை. ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த கூம்புக் கூடை. அகன்ற வாயைத் தண்ணீரில் குத்த வேண்டும்; உள்ளே மீன் அகப்பட்டால் கூடையில் மோதுவது கைக்குத் தெரியும்; மேல் துளை வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். கெளுத்தி முள் குத்தினால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. அன்று எல்லா வீட்டிலும் ஒரே வாசனை. மீன் கிடைக்காதவன் வீட்டுக்கும் கிடைத்தவன் கொடுத்தனுப்புவான். நான் பார்த்தவரை அன்று யாரும் விற்கவில்லை.

அப்பா காலமானதும் நாங்கள் அம்மா ஊர்ப் பக்கமே வந்துவிட்டோம். என் பிரெஞ்சுப் படிப்பு இங்கே யாருக்கும் புரியவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சையும் எழுதி, 1970-களின் தொடக்கத்தில் குமாஸ்தா ஆனேன். எந்த அலுவலகம், எந்த வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கண்மாய் மீன்பாசி ஏலக் கோப்பு சில வருஷம் என் மேஜையில் இருந்தது என்பது மட்டும் போதும்.

மீன்பாசி ஏலம் பசலி ஆண்டுக் கணக்கு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. ஏலம் எடுத்தவருக்கு அந்தப் பசலியில் கண்மாய் மீன் முழுக்கச் சொந்தம். இது அநியாயம் என்று உடனே சொல்லிவிடக் கூடாது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கட்லா, ரோகு, மிர்கால் என்ற வடக்கத்திக் கெண்டைகள் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும். கட்டிக் கிடக்கும் தண்ணீரில் இடாது. 1957 ஜூலை 10-ம் தேதி கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு குஞ்சு உற்பத்தி பெருகியது, விலைக்குக் கிடைத்தது, வண்டியில் ஏற்றிக் கண்மாய்க்கு வந்தது. 1952-ல் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இன்னொரு மீனும் இந்தியாவுக்குள் வந்திருந்தது. அதைத்தான் ஜிலேபிக் கெண்டை என்கிறோம். பணம் போட்டுக் குஞ்சு விட்டவன் அதைக் காவல் காக்கத்தானே செய்வான்? மழை கொண்டுவந்த மீன் எல்லோருக்கும் பொது. பில் போட்டு வந்த மீனுக்கு உடமைக்காரன் உண்டு. இந்த மாற்றம் எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் என் கண்ணெதிரே நடந்தது.

ஒரு பசலிக்கு ஏல நிபந்தனை நோட்டீஸ் புதிதாக ஸ்டென்சில் வெட்ட வேண்டியிருந்தது. பழையதில், ஏலதாரர் தவிர மற்றவர் வலை, கச்சா, ஊத்தா, பறி ஆகியவற்றால் மீன் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி: எழுதினால் விடுதல் இருக்கக் கூடாது. பிரெஞ்சுப் பள்ளியில் திக்தே என்ற சொல்வதெழுதலில் ஒவ்வொரு தப்புக்கும் மதிப்பெண் குறைப்பார்கள், அந்தப் பயம். வரியைப் படித்தேன். பட்டியலில் ஒன்று குறைந்ததாகப் பட்டது. 'தூண்டில் உட்பட' என்று இரண்டு வார்த்தை சேர்த்தேன். யாரும் சொல்லவில்லை. மேலே போன தாளில் கையெழுத்தாகி வந்தது. யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் அதோடு மறந்துபோனேன்.

தை மாதம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அலுவலக வாசலில் தூண்டில் தாத்தா. வயது எழுபதுக்கு மேல். கையில் எட்டடிக் கல்மூங்கில், நடுவில் இரண்டாக ஒடிந்து, நார் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஏலதாரரின் காவல் ஆட்கள் முழங்காலில் கொடுத்து ஒடித்துவிட்டார்களாம். அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. நோட்டீஸைக் காட்டினார்களாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அதை வாங்கி மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பேராண்டி, இதுல தூண்டின்னு எழுதியிருக்காமே. மெய்யா?"

"ஆமா தாத்தா."

"எந்தக் காலத்துலயும் இல்லையே. யாருப்பா எழுதுனது?"

நான் சொன்ன பதில் இது: "மேலிடத்து உத்தரவு தாத்தா."

அவர் தலையாட்டினார். மேலிடம் என்றால் கேள்வி கிடையாது அல்லவா? ஒடிந்த கம்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகாமல் தோளில் எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸுக்குக் காசு கொடுக்கப் பின்னால் ஓடினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "முள்ளு இன்னும் மிச்சம் இருக்கு" என்றார். நான் காரைக்காலிலிருந்து கொண்டுவந்த முள்ளைச் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிரெஞ்சில் மீன் பிடிப்பவனும் பாவியும் கிட்டத்தட்ட ஒரே சொல். உச்சரிப்பும் பெஷேர்தான். ஓர் எழுத்தின் தலையில் கூரை போட்டால் மீனவன்; சாய்கோடு போட்டால் பாவி. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த மீனவன் என்பதற்கு ஒரு திக்தேயில் நான் சாய்கோடு போட்டுவிட்டேன். வாத்தியார் என் தாளை வாசித்து, "ஆற்றங்கரையில் ஒரு பாவி உட்கார்ந்திருந்தானாம்" என்றார், வகுப்பு சிரித்தது. அன்று போன மதிப்பெண்ணுக்கு நான் அழுதேன். அந்தத் தை மாத இரவில் இது நினைவு வந்தது. ஆற்றங்கரையில் இருந்தவர் பாவி அல்ல. மேஜையில் இருந்தவன்தான்.

இன்னொன்றையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மீன்துறை ஊழியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். குஞ்சு விடுமுன் கண்மாயில் இருக்கும் விராலைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொல்வார்களாம். விரால் விட்ட குஞ்சை எல்லாம் தின்றுவிடும். அப்படியானால் தாத்தாவின் குட்டைக் கம்பு ஏலதாரருக்கு உபகாரம்தான் செய்துகொண்டிருந்தது. அந்தத் தடையால் லாபம் அடைந்தவர் ஒருவரும் இல்லை. பட்டியல் நிறைவானதில் எனக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

அடுத்த பசலி நோட்டீஸில் அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டேன். எடுத்ததையும் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்தது. அதற்கு அடுத்த வருஷமும் கண்மாய் பெருகவில்லை. மூன்றாம் வருஷம் தண்ணீர் வந்தபோது தாத்தா இல்லை. எழுதினது நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இனிப் படகு. பேரன் சொல்லித்தான் தெரியும், அமெரிக்காவில் பாஸ் பிடிப்பதற்கென்றே தனிப் படகு உண்டு. 1948-ல் லூசியானாவில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் தாழ்வாக, அகலமாக, ஆழமில்லாத தண்ணீரில் ஓடும்படி ஸ்கீட்டர் என்ற படகைக் கட்டியதிலிருந்து அந்த மரபு வருகிறதாம். நம் பக்கத்தில் மேட்டூர் போன்ற அணைகளில் பரிசல். கரிசல் கண்மாயில் வருஷத்தில் நாலு மாதம் தண்ணீர்; படகு வாங்கி யார் கட்டிப்போடுவது? லாரி டியூபும், தெர்மக்கோல் பலகையும்தான் இங்கே படகு. இரண்டிலும் இறங்காதீர்கள் என்பதே என் புத்திமதி. காரணம் சொல்கிறேன்.

கண்மாய்க்குள் சீமைக் கருவேல் வளர்ந்து, வெட்டிய தூர்கள் தண்ணீருக்கடியில் முள்ளோடு நிற்கின்றன. டியூப் ஒரு குத்துக்குத் தாங்காது. தெர்மக்கோல் காற்றில் தள்ளிக்கொண்டு போகும். நடுவில் ஒடிந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. முக்கியமானது மண் அள்ளிய பள்ளம். முன்பெல்லாம் கண்மாய் கரையிலிருந்து உள்வாய்வரை சீராகச் சரியும். எங்கே எத்தனை முழம் என்று ஊருக்கே தெரியும். இப்போது இயந்திரம் தோண்டிய இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் அடுத்த எட்டில் ஆளை மூழ்கடித்துவிடுகிறது. கரிசல் சேற்றில் கால் புதைந்தால் உதறி எடுப்பதும் லேசல்ல. அல்லிக் கொடி காலைச் சுற்றினால் திமிறக் கூடாது; படுத்தவாக்கில் மிதந்து ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். மடைப் பக்கம் நீச்சலே கூடாது. திறந்திருக்கும் மடை இழுக்கும். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் மிதவைச் சட்டை போட்டு, கரையில் ஒரு துணையை நிறுத்திவிட்டுப் போங்கள். விராலுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. தாத்தா சொன்னதுபோல அது உங்கள் காலடியில்தான் கிடக்கும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியுமுன் பேரனும் நானும் போனோம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் பத்துப் பேர் தூண்டிலோடு நிற்பார்கள், அதனால் சொல்லவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறும் நேரம் கோரைக்குப் பக்கத்தில் தண்ணீர் மேல் குங்குமம் கொட்டியது போல ஒரு சிவப்புத் திட்டு, தட்டு அகலத்துக்கு, அசைந்துகொண்டே இருந்தது. அத்தனையும் விரால் குஞ்சு. மூச்சுக்கு மேலே வந்திருக்கின்றன. அதற்குக் கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும்.

பேரனுக்குக் கை பரபரத்தது. "தாத்தா, அதுக்கு நடுவுல தவளையைப் போட்டா நிச்சயம் அடிக்கும்" என்றான். அடிக்கும்தான். பசிக்கு அல்ல, கோபத்தில் அடிக்கும். பெரியதைத் தூக்கிவிட்டால் அரை மணியில் ஜிலேபியும் கொக்குமாகச் சேர்ந்து குஞ்சை முடித்துவிடும்.

"வேண்டாம்பா. குஞ்சு மேய்க்கிற விராலுக்குத் தூண்டி போடாதேன்னு எனக்கு ஒருத்தர் சொல்லியிருக்கார்" என்றேன்.

அவன் கம்பைத் தாழ்த்திக்கொண்டான். நாங்கள் அந்தச் சிவப்புத் திட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். குத்தகைக் காவல்காரர், முப்பது வயதுப் பிள்ளை. எனக்கு நெஞ்சு படபடத்தது. பேரன் கையில் இருந்த கம்பைப் பார்த்தேன். வந்தவர் வண்டியை நிறுத்தாமலே கேட்டார்: "விராலுக்கா சார்? பிடிங்க, பிடிங்க. வலை மட்டும் போட்டுறாதீங்க. அது எங்க குஞ்சை எல்லாம் தின்னு தீக்குது." அவ்வளவுதான், போய்விட்டார்.

பேரன் அங்கிருந்து நூறடி தள்ளிப் போய் ஒரு விரால் பிடித்தான். ஒன்றரைக் கிலோ இருக்கும். இடுக்கியால் முள்ளைக் கழற்றி, கையை நனைத்துப் பிடித்து, போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டான். எனக்குக் குழம்பு போன வருத்தம் கொஞ்சம் இருந்தது. வீடு திரும்பும் வழியில், "சொன்னவர் யாரு தாத்தா?" என்று கேட்டான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏல நோட்டீஸைச் சொன்னேன், 'மேலிடத்து உத்தரவு' என்றதையும் சொன்னேன். என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது டப்பாவிலிருந்து கறுப்புத் தவளை ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை எழுதும்போது பேனாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.